பிள்ளைக்குக் காய்ச்சல் எவ்வளவு? மூன்று இடத்தில் பார்த்தால் மூன்று விடை

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். இரண்டு வயது மகனுக்கு நேற்று மாலையிலிருந்து காய்ச்சல். நெற்றிக்கு நேரே பிடிக்கும் கருவியில் 36.9 காட்டுகிறது. கமக்கட்டில் வைக்கும் டிஜிட்டல் தெர்மோமீற்றரில் 38.2 வருகிறது. அம்மம்மா பிடரியையும் வயிற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நல்ல காய்ச்சல், நெருப்பாக் கொதிக்குது" என்கிறார். எதை நம்புவது, வீட்டில் சரியாகப் பார்ப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

கமக்கட்டில் வந்த 38.2ஐ நம்புங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறது. அம்மம்மா சொன்னதும் சரிதான். நெற்றிக் கருவி காட்டிய 36.9ஐ இந்த முறை கணக்கில் எடுக்க வேண்டாம்.

அம்மம்மாவின் கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தொட்டுப் பார்ப்பதை ஏளனமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. பிள்ளையைத் தினமும் தூக்கிக் குளிப்பாட்டுகிற கை "காய்ச்சல் இல்லை" என்று சொன்னால் பெரும்பாலும் இல்லைதான். "இருக்கிறது" என்று சொல்லும்போதுதான் சில வேளைகளில் பிழைக்கும். தொடுகிறவரின் கை குளிர்ந்திருந்தால், பிள்ளை போர்வைக்குள் படுத்திருந்தால், வெயிலில் விளையாடிவிட்டு வந்திருந்தால் காய்ச்சல் இல்லாத உடம்பும் சுடுவது போலத் தெரியும். எனவே கை சந்தேகத்தை எழுப்பட்டும், தெர்மோமீற்றர் அதை உறுதி செய்யட்டும். தொட்டுப் பார்க்கிறீர்கள் என்றால் நெற்றியையும் உள்ளங்கையையும் விட, பிடரி, நெஞ்சு, முதுகு ஆகிய இடங்களைத் தொடுங்கள்.

நெற்றிக் கருவி ஏன் குறைவாகக் காட்டியது? அது அளப்பது தோலின் மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்பு வெப்பத்தை. உள்ளுடம்பின் சூட்டை அதிலிருந்து கணித்துத்தான் திரையில் காட்டுகிறது. தோலின் சூட்டை மாற்றும் எதுவும் அந்தக் கணிப்பைப் பிழைக்க வைக்கும். கொழும்பு வீடுகளில் அப்படிப்பட்டவை நிறைய. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். புழுக்கத்தில் பிள்ளையின் நெற்றி வியர்த்திருக்கும், வியர்வை காயும்போது அந்த இடம் குளிரும். அல்லது ஏசி அறையில் கிடந்த கருவியை 31 பாகை வெக்கையாக இருக்கும் ஹோலுக்குக் கொண்டுவந்த உடனே அழுத்தியிருப்போம். அறைக்கு அறை சூடு மாறினால் கருவியைக் கொஞ்ச நேரம் அந்த அறையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அதனுடன் வரும் தாளிலேயே எழுதியிருப்பார்கள். பொதுவாகக் கால் மணித்தியாலத்திலிருந்து அரை மணித்தியாலம் வரை. அந்தத் தாளை யாரும் வாசிப்பதில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டு எடுத்த கையோடு பார்த்தாலும் இதே கதைதான்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும்போது உடம்பு தன் சூட்டை உள்ளே பிடித்து வைக்கப் பார்க்கும். தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். கையும் காலும் சில்லென்று ஆகும், பிள்ளை நடுங்கும், முகம் வெளிறும். அந்த நேரத்தில் உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்க, தோல் மட்டும் குளிர்ந்து கிடக்கும். நெற்றிக் கருவி அதிகம் ஏமாற்றுவது அப்போதுதான். "கால் குளிருது, கருவியும் 36 என்கிறது, காய்ச்சல் விட்டுவிட்டது" என்று நினைத்து அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 39 இருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தக் கருவிகள் பலவற்றில் ஆளின் சூட்டைப் பார்க்க ஒரு நிலையும், பால், தண்ணீர், சுவர் போன்றவற்றின் சூட்டைப் பார்க்க இன்னொரு நிலையும் இருக்கும். பொத்தான் தவறுதலாக அழுத்துப்பட்டு இரண்டாவது நிலையில் நின்றால், தோலின் சூட்டை அப்படியே காட்டும், அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். நன்றாக இருக்கும் ஒருவருக்கு 34, 35 என்று காட்டினால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

2020இல் கடை வாசல்கள் எல்லாவற்றிலும் இந்தக் கருவியைப் பிடித்தார்களே, அது ஒரு வரிசை ஆட்களை விரைவாகப் பார்த்து அனுப்புவதற்கு. உங்கள் மகனுக்கு மருந்து கொடுப்பதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று முடிவெடுப்பது வேறு வேலை. வீட்டில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் ஒரு எட்டுப் பார்க்க உதவும். அதில் கூடுதலாக வந்தாலோ, பிள்ளையைப் பார்த்தால் சரியில்லை என்று தோன்றினாலோ கமக்கட்டில் பார்த்துவிடுங்கள்.

சரி, கமக்கட்டில் பார்ப்பது எப்படி? இதில்தான் பெரும்பாலான பிழைகள் நடக்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குளித்து, மேல் துடைத்து, ஓடி விளையாடி, உரத்து அழுது முடித்த உடனே பார்க்க வேண்டாம். இருபது நிமிடம் போகட்டும். தடித்த போர்வையால் சுற்றியிருந்தால் அதைத் தளர்த்திப் பத்து நிமிடம் விடுங்கள். ஃபேன் நேரே பிள்ளையின் மேல் அடித்தால் அதைத் திருப்புங்கள்.

பிள்ளையின் சட்டையைக் கழற்றுங்கள். சட்டைக்குள்ளால் கையை விட்டு ஒருவாறு செருகுவது வேண்டாம், துணி இடையில் மாட்டிக்கொண்டால் துணியின் சூட்டைத்தான் பார்ப்பீர்கள். கமக்கட்டை உலர்ந்த துவாயால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் சூடேறும், ஈரத்துணியால் துடைத்தால் குளிரும், எனவே ஒற்றினால் போதும். பிறகு கையை உடம்போடு சேர்த்து ஒன்றிரண்டு நிமிடம் வைத்திருங்கள். திறந்து கிடந்த கமக்கட்டு காற்றில் குளிர்ந்திருக்கும், மூடி வைத்தால் உள்ளே இருக்கும் சூடு அங்கே வந்து சேரும். இந்த ஒரு படியைப் பலர் செய்வதில்லை.

பிள்ளையை மடியில் உட்கார வைத்து, முதுகு உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கும்படி அணையுங்கள். தெர்மோமீற்றரை இயக்கி, அதன் உலோக நுனியைக் கமக்கட்டின் நடுக்குழியில், ஆழமான இடத்தில் வையுங்கள். நுனி முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. தண்டு கையோடு ஒட்டியபடி கீழ்நோக்கி இருந்தால் நுனி மேலே குழிக்குள் நன்றாகப் பொருந்தும். குறுக்காகச் செருகினால் நுனி பின்பக்கமாக வழுகி வெளியே வந்துவிடும். பிறகு பிள்ளையின் முழங்கையை விலாவோடு சேர்த்து, உங்கள் உள்ளங்கையால் மென்மையாகப் பிடித்திருங்கள். இரண்டு வயதுப் பிள்ளை தானாக அடங்கி இருக்காது. கதை சொல்லுங்கள், ஜன்னலால் போகிற ரயிலைக் காட்டுங்கள். கை தளர்ந்தால் வாசிப்பும் தளர்ந்துவிடும்.

இயக்கிய உடனே திரையில் "எல்" அல்லது "லோ" என்று வந்தால் பயப்பட வேண்டாம். நுனியின் சூடு 32 பாகைக்குக் கீழே இருக்கிறது என்று மட்டுமே அதற்குப் பொருள். வைத்தவுடன் எண் ஏறத் தொடங்கும்.

பீப் சத்தம் வந்ததும் எடுத்துவிடுவதுதான் எல்லோருடைய வழக்கமும். சாதாரண டிஜிட்டல் தெர்மோமீற்றரில் அந்தச் சத்தம், எண் ஏறுகிற வேகம் குறைந்துவிட்டது என்பதைத்தான் சொல்கிறது. வாயில் வைத்தால் அந்த நேரத்துக்குள் சரியான அளவை எட்டிவிடும். கமக்கட்டில் அப்படி இல்லை, இன்னும் 0.2, 0.3 பாகை ஏற இடமிருக்கும். எனவே சத்தம் வந்த பிறகும் அசைக்காமல் வைத்திருந்து, மொத்தம் நான்கைந்து நிமிடம் கழித்து எடுங்கள். இந்தக் கருவிகள் எட்டிய உச்ச அளவைத் திரையில் பிடித்து வைத்திருக்கும், நேரம் கூடினால் பிழை வராது. பத்து விநாடியில் சொல்லும் வகையாக இருந்தால் அது முன்கூட்டியே கணித்துச் சொல்வது, அதற்கு அதன் தாளில் உள்ள முறைதான்.

மறுபடி பார்க்க வேண்டும் என்றால் கருவியை நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு, அதே கமக்கட்டில் பாருங்கள். இடது ஒரு முறை, வலது ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம். படுத்திருந்த பக்கம் சற்றுக் கூடுதலாகக் காட்டும், உங்களுக்கு வீண் குழப்பம்.

இப்போது எண்களுக்கு வருவோம். கமக்கட்டில் வருவது உள்ளுடம்பின் சூட்டைவிட அரைப் பாகை முதல் ஒரு பாகை செல்சியஸ் வரை குறைவாக இருக்கலாம். அதனால் "ஒன்று கூட்டிச் சொல்லுங்கள்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கூட்ட வேண்டாம். நீங்கள் ஒன்று கூட்டி டொக்டரிடம் சொல்ல, அவரும் கமக்கட்டு என்று நினைத்து மனதுக்குள் கூட்டினால், 38 பாகை 40 ஆகிவிடும். திரையில் வந்ததை அப்படியே சொல்லி, "கமக்கட்டில் பார்த்தது" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அது போதும்.

38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம். கமக்கட்டில் 37.5க்கு மேல் வந்தாலே கவனமாக இருந்து, ஒரு மணித்தியாலத்தில் திரும்பப் பாருங்கள். நம் வீடுகளில் பேசுவது ஃபாரன்ஹீட்டில்தான். "நூறு காட்டுது", "நூற்றியிரண்டு போகுது" என்போம். கருவியோ செல்சியஸில் காட்டும். 38.5 என்றால் 101.3, 39 என்றால் 102.2, 40 என்றால் 104. இந்த நான்கு வரியை ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள், நடு இரவில் மனக்கணக்குப் போட முடியாது.

37 பாகை என்ற அந்தக் கணக்கு 1868இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர வைத்தியர் வுண்டர்லிக் ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கமக்கட்டில் அளந்து சொன்னது. அது ஒரு சராசரி. அவரே அதைப் பொழுதுக்குப் பொழுது மாறும் ஒன்றாகத்தான் பார்த்தார். விடியப்புறம் நம் உடம்பு மிகக் குறைந்த சூட்டில் இருக்கும், பின்னேரம் நான்கு முதல் ஆறு மணிக்குள் உச்சம் தொடும். இடையில் அரைப் பாகை வித்தியாசம் சாதாரணம். பின்னேரத்தில் 37.4 என்பது ஓடியாடித் திரியும் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. அதே காரணத்தால், காலையில் 37.2 வந்ததை வைத்து "காய்ச்சல் விட்டுவிட்டது, பள்ளிக்குப் போகலாம்" என்றும் முடிவெடுக்கக் கூடாது. பின்னேரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காதில் வைப்பது நல்ல முறை, விரைவானது, விலைதான் கூட. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு வேண்டாம், காதுத் துளை சிறியது. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் காதை மெதுவாக மேலும் பின்னும் இழுத்து, நுனி செவிப்பறையைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். காதுக் குரும்பி அடைத்திருந்தாலோ, அந்தக் காதில் படுத்திருந்தாலோ பிழைக்கும். நாக்குக்குக் கீழே வைப்பது ஐந்து வயதுக்குப் பிறகு, வாயை மூடி வைத்திருக்கத் தெரிந்த பிள்ளைக்கு. சூடாகவோ குளிராகவோ ஏதாவது குடித்திருந்தால் அரை மணித்தியாலம் பொறுங்கள். மலவாசலில் வைப்பது மிகத் துல்லியமானது, ஆனால் அதை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். நெற்றியில் ஒட்டும் நிறம் மாறும் பட்டிகளை வாங்க வேண்டாம்.

பழைய கண்ணாடி தெர்மோமீற்றர் வீட்டில் இருந்தால் அதை ஓய்வுபெற விடுங்கள். உள்ளே இருப்பது பாதரசம். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையின்படி 2020க்குப் பிறகு அதைத் தயாரிப்பதையும் நாடுகளிடையே விற்பதையும் நிறுத்த வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளை கடித்து உடைத்தால் கண்ணாடியும் வெட்டும். கீழே விழுந்து உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, உருண்டைகளைக் கடின அட்டையால் கூட்டி எடுத்து, இறுக்க மூடும் போத்தலில் போடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், வக்யூம் கிளீனர் போட வேண்டாம், ஆவி வீடெல்லாம் பரவும்.

டிஜிட்டல் தெர்மோமீற்றர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி. எல்லோரும் சுகமாக இருக்கும் ஒரு நாளில், பிள்ளைக்குக் காலையிலும் பின்னேரத்திலும் கமக்கட்டில் பார்த்து எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் பிள்ளையின் வழக்கமான அளவு. காய்ச்சல் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல அளவு கிடையாது. எண் மங்கலாகத் தெரிந்தால், அல்லது சுகமான ஆளுக்கு 35க்குக் கீழே காட்டிக்கொண்டே இருந்தால் பற்றரி தீர்ந்திருக்கும். அந்தப் பொத்தான் பற்றரியைப் பிள்ளை கையில் எட்டாதபடி வையுங்கள். விழுங்கினால் சில மணித்தியாலத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும், அது காய்ச்சலைவிடப் பெரிய ஆபத்து.

இனி, கொழும்பில் இருப்பவர்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்ல நினைப்பது. அளந்ததை எழுதி வையுங்கள். ஒரு கொப்பி, ஒரு பேனை, தேதி, நேரம், அளவு, எங்கே பார்த்தது, பனடோல் எத்தனை மணிக்கு எத்தனை மில்லிலீற்றர், பிள்ளை என்ன குடித்தது, எத்தனை முறை சிறுநீர் போனது. "திங்கள் இரவு 8.40, கமக்கட்டு 38.9, சிரப் 7.5, அரைக் கோப்பை கஞ்சி, சிறுநீர் 6 மணிக்கு" என்று ஒரு வரி. அவ்வளவுதான். கைபேசியில் படம் எடுத்து வைப்பதும் நல்லது. ஆனால் இரவில் பிள்ளையை யார் பார்க்கிறாரோ, அம்மம்மாவோ அப்பாவோ, அவருக்கும் தெரிவது மேசையில் கிடக்கும் கொப்பிதான். முதல் வரியில் ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள்: காய்ச்சல் முதன்முதலில் எந்த நாள், ஏறத்தாழ எத்தனை மணிக்குத் தொடங்கியது.

ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்றால், டெங்கு. 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது, அதில் கொழும்பும் கம்பஹாவும் முன்னால் நின்றன. அதற்குப் பிறகும் மழை பெய்து ஓயும் மாதங்களில் பிள்ளைகள் வாட்டு நிறைந்துதான் வருகிறது. டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு முதல் ஏழு நாள் காயும். பெற்றோர் பயப்படுவது 39, 40 என்று நிற்கும் நாட்களில். ஆபத்து தொடங்குவதோ காய்ச்சல் இறங்கும் நேரத்தில். அப்போதுதான் சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிய ஆரம்பிக்கும். அந்தக் கட்டம் ஒன்று முதல் இரண்டு நாள் நீடிக்கும். "நேற்றுக் காய்ச்சல் விட்டது, ஆனால் பிள்ளை சோர்ந்துபோய்க் கிடக்கிறது, வயிறு நோகுது என்கிறது" என்று ஒரு தாய் சொன்னால் வாட்டில் எல்லோரும் எழுந்து நிற்போம். அந்த இறங்கிய நேரம் எது என்று சரியாகத் தெரிந்திருப்பது சிகிச்சைக்கு மிகவும் உதவும். அதைத் தெரிந்து வைத்திருக்கக்கூடியவர் வீட்டில் அளந்து எழுதியவர் ஒருவர்தான்.

எனவே காய்ச்சல் விட்டதும் தெர்மோமீற்றரை அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். விட்ட பிறகு இரண்டு நாள் பிள்ளையை இன்னும் கவனமாகப் பாருங்கள். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால், பிள்ளை நன்றாக இருந்தாலும் டொக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும், வேறு வருத்தம் உள்ள பிள்ளைக்கும் மூன்றாம் நாள் வரை பொறுக்க வேண்டாம்.

மருந்துக்கும் அளப்பதற்கும் உள்ள தொடர்பையும் சொல்ல வேண்டும். பனடோல் கொடுக்கும் முன் பாருங்கள், கொடுத்த பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துப் பதற வேண்டாம். வேலை செய்யத் தொடங்கவே அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். 39.5 இருந்த பிள்ளைக்கு 38.3க்கு இறங்கினால் மருந்து வேலை செய்துவிட்டது, 37க்கு வந்தே ஆக வேண்டும் என்றில்லை. பனடோலில் இருப்பது பரசிட்டமோல். பரசிட்டமோலின் அளவு வயதைப் பார்த்து அல்ல, நிறையைப் பார்த்து. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் வரை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லிலீற்றர். சிரப்புகள் வேறு வேறு செறிவில் வருகின்றன, போத்தலைத் திருப்பி வாசித்த பிறகே ஊற்றுங்கள். சமையலறைத் தேக்கரண்டியில் அளக்க வேண்டாம், பாமசியில் ஒரு சிரிஞ்ச் வாங்குங்கள். பிள்ளையின் நிறை கிளினிக் கொப்பியில் இருக்கும். மலவாசலில் வைக்கும் மருந்தும் பரசிட்டமோலாக இருந்தால் அதுவும் இந்த நான்கு வேளைக் கணக்கில் சேரும்.

காய்ச்சல் இறங்கவில்லை என்று ஐபுபுரோஃபன், மெஃபெனமிக் அமிலம், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் கொடுக்கக் கூடாது. டெங்காக இருந்தால் ரத்தப்போக்கை உண்டாக்கலாம். "போன முறை கேட்டது" என்று மிச்சம் இருந்ததை எடுத்துக் கொடுக்கிற வீடுகள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மேல் துடைப்பதென்றால் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணி போதும். ஐஸ் தண்ணீர் தோலைச் சுருக்கி நடுக்கத்தைக் கிளப்பும். கொத்தமல்லி அவித்த தண்ணி, கஞ்சி, இளநீர், ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் கொடுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. சிவப்பு, கபில நிறப் பானங்களை மட்டும் தவிருங்கள், சத்தி எடுத்தால் அது ரத்தமா என்று தெரியாமல் போகும்.

எத்தனை முறை அளப்பது? நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அத்துடன் பிள்ளையின் நிலை மாறுவதாகத் தோன்றினால். நன்றாகத் தூங்கி, மூச்சு சீராக இருந்தால் அளப்பதற்காக எழுப்ப வேண்டாம். எண்ணைவிடப் பிள்ளையைப் பாருங்கள். 39.4இல் சிரித்து விளையாடித் தண்ணீர் குடிக்கிற பிள்ளையைவிட, 38.1இல் கண் திறக்கச் சோம்பி, அணைத்தாலும் அணையாமல் கிடக்கிற பிள்ளைதான் என்னைக் கவலைப்படுத்தும். பல் முளைப்பதால்தான் 39 வந்தது என்று மட்டும் எவர் சொன்னாலும் ஏற்க வேண்டாம். பல் முளைக்கும்போது இலேசாகச் சுடலாம், 38ஐத் தாண்டினால் வேறு காரணம் தேட வேண்டும்.

உங்கள் மகனுக்கு இது பொருந்தாது, ஆனால் வாசிக்கிறவர்களில் கைக்குழந்தை உள்ளவர்கள் இருப்பார்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 வந்தால் ஆஸ்பத்திரி. இரவா பகலா, முகம் நன்றாக இருக்கிறதா என்று யோசிக்க வேண்டாம், பனடோல் கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குப் பிறகு காய்ச்சல் வருவது வழக்கம்தான், இருந்தாலும் அது ஊசிக் காய்ச்சல்தானா என்பதை டொக்டர் பார்த்துச் சொல்லட்டும். அந்த வயதில் சூடு குறைவதும் அதே அளவு கெட்ட அறிகுறி. 35.5க்குக் கீழே போய், உடம்போடு அணைத்துச் சூடாக்கியும் ஏறாவிட்டால் உடனே கொண்டு போங்கள்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றியுள்ள பொருட்களை விலக்குங்கள், நேரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் வைக்கக் கூடாது. கையில் இரும்பைக் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது, அந்த நேரத்தை வாகனம் தேடச் செலவிடலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அவசரம். அதற்குள் நின்றுவிட்டாலும் முதல் தடவை என்றால் கட்டாயம் காட்ட வேண்டும்.

திரையில் எந்த எண் இருந்தாலும் காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லை, குடிப்பதெல்லாம் சத்தி, தாங்க முடியாத வயிற்று நோவு, காய்ச்சல் விட்ட பிறகும் கை கால் சில்லென்று ஈரமாக இருத்தல், மூச்சு வாங்குதல், கழுத்தை வளைக்க முடியாமை, கண்ணாடிக் கோப்பையால் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், மூக்கிலோ முரசிலோ ரத்தம், எழுப்பினாலும் எழும்பாத மயக்கம். இவற்றில் ஒன்று வந்தாலும் தெர்மோமீற்றரைத் தேட வேண்டாம். வெள்ளவத்தையிலிருந்து பொரளை சிறுவர் ஆஸ்பத்திரிக்கு இரவில் அதிக நேரம் ஆகாது. வாகனம் இல்லை என்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். போகும்போது அந்தக் கொப்பியையும், கொடுத்த மருந்துப் போத்தல்களையும் கையோடு கொண்டு போங்கள்.